ஒரே சர்வர்

காரைக்குடிக் கடையில் எல்போ.
தேவகோட்டையில் முட்டி.
பள்ளத்தூர்க் கம்ப்யூட்டரில் வெறும்
‘வளைவு, அரை இஞ்ச்’.
மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்,
சர்வருக்குத் தெரியாது.

ராத்திரி படுக்குமுன்
மூன்று கல்லாவையும் போனிலேயே பார்த்துவிட வேண்டும்
முதலாளி தேனப்பனுக்கு.
‘அங்கே நெட் போனால் இங்கே பில் நிற்குமே,
கலவையைப் போட்டுவிட்டு வந்து நிற்பான்,
சிமெண்ட் காத்திருக்குமா?’
என்கிறார் தேவகோட்டை அழகம்மை.
நியாயம்தான்.

அவர் சொல்லாதது ஒன்று.
அவருடைய தனிக் கணக்கில்
‘ச.’ என்றொரு வாடிக்கையாளர்,
பதினோரு மாதப் பாக்கி.
கொத்தனார் சவரிமுத்து.
சாரம் சரிந்து விழுந்தவர்.
இணைத்த அன்றிரவே அது
காரைக்குடித் திரையில் சிவப்பாக எரியும்.

மூவாயிரத்து நானூறு பெயர்களை
ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறேன் நாலு நாளாக.
முட்டியை எல்போ ஆக்கியாயிற்று.
வளைவையும்.
ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும்
ஏற்க மாட்டேன் என்கிறது புது மென்பொருள்:
முழுப் பெயர் கட்டாயம்.
முகவரி கட்டாயம்.

கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
அழகம்மையிடமிருந்து போன்.
எடுக்கவில்லை.
டீக்கு எழுந்துவிட்டேன்.