உதவியின்றி

கிளினிக்கில் தாதி நோக்குட்டுலா
தாளைப் பார்த்தபடி கேட்டாள்:
குளிக்கிறீர்களா மிஸ்டர் கிஸ்தனசாமி, உதவியின்றி?
குளிக்கிறேன்.
உடுத்த, படியேற, கடைக்குப் போக?
எல்லாம் நானேதான்.
பக்கத்து நாற்காலியில் சாலாட்சி
கைப்பையின் கொக்கியைத்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பொய்யில்லை.
சாட்ஸ்வர்த் மேட்டில்
முப்பத்தெட்டு வருஷம் ஏறி இறங்கிய கால்
ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை.
சுற்றிப் போகலாமே என்றுதான் சொல்லிற்று.
சந்துப் படிக்கட்டுக்குப் பதில் தார்ச்சாலை,
தார்ச்சாலைக்குப் பதில் டாக்ஸி,
டாக்ஸிக்குப் பதில்
சந்தையில் இப்போதெல்லாம் நல்ல முருங்கைக்காய் ஏது
என்றொரு அபிப்பிராயம்.

குளியல் தொட்டியின் விளிம்பு
வேலி உயரத்துக்கு வளர்ந்த அன்று
தண்ணீரை வீணாக்கக் கூடாது, வாளி போதும் என்றேன்.
அணைகள் வழிந்தோடிய வருஷம் அது.

மேல்தட்டிலிருந்த மசாலா டின்
எப்போது இடுப்பளவுக்கு இறங்கியது,
இறக்கியது யார்?
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மகள் கோகிலத்துக்குப் பித்தப்பை ஆபரேஷன்.
மூன்றே நாள் என்று
டொங்காட்டுக்குக் கிளம்பினாள் சாலாட்சி.

மறுநாள் காலை
கழுத்துப் பட்டன் விரலில் நிற்காமல்
மீன்குஞ்சு மாதிரி நழுவிற்று.
"காலர் மடங்கியிருக்கு, இருங்க" என்று
தினமும் கிட்டே வருவாள்.
என் காலர் மடங்கியதே இல்லை என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் மீன் டப்பா.
தட்டினேன், கத்தியால் குத்தினேன்,
கடைசியில் ரொட்டியும் மாங்காய் ஊறுகாயும்.
சோபாவிலிருந்து எழ மூன்று முயற்சி.
"வாங்க, கேட் மேல குரங்கு" என்று
கையைப் பிடித்து இழுப்பாள் எப்போதும்.
யோசித்துப் பார்த்தால்
எங்கள் தெருவில் அத்தனை குரங்கு கிடையாது.

ராத்திரி கரண்ட் போயிற்று.
மாடிப்படியில் கைப்பிடி இல்லாத பக்கத்தில்
அவள் தோள் இருந்த இடத்தை
இருட்டில் தடவிப் பார்த்தேன்.
அப்புறம் கீழேயே படுத்தேன்.
யாரும் கேட்டால்
கிரிக்கெட் பார்த்தபடி தூங்கிவிட்டேன் என்பதற்கு
வாக்கியம் தயார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தாள்.
கைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரைப் புட்டி எடுத்தாள்.
மூன்று நாள் மாத்திரையும் உள்ளேயே.
மூடி திறக்கவில்லையாம்.
மருமகனிடம் எப்படிக் கேட்பது?
"சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இதைத் திறங்க" என்று
அதிகாரமாய்க் காலை தோறும் நீட்டுவாளே, அதே புட்டி.
அமுக்கித் திருப்புகிற மூடி.
விரல் வேண்டாம் அதற்கு, உள்ளங்கையின் பாரம் போதும்.
என்னிடம் பாரம் இருக்கிறது.

திறந்து கொடுத்தேன்.
"காலர்," என்றாள்.
"ஆமாம், மடங்கியிருக்கு," என்றேன்.

அக்டோபரில் மறுபடி கிளினிக்.
நோக்குட்டுலாவின் தாளில்
ஒரு பெயருக்குத்தான் இடம்.
அதற்கு என்ன பதில் சொல்வது என்று
நான் ஒருவனாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் கோகிலம்
குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அனுப்பியிருக்கிறாள்.
பிரிக்கவில்லை. தேவையென்ன இப்போது?
வாசலோரம் அட்டைப்பெட்டியாகவே கிடக்கிறது.
நல்ல கெட்டியான பெட்டி.
அதன்மேல் உட்கார்ந்துதான்
இன்றைக்குச் செருப்பு மாட்டினேன்.