விருப்ப ஒழுங்கு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
இர்ஷாத் நானாவின் கடை.
போட்டோப் பிரதி, லெமினேட்டிங், ரீலோட்.
திரையில் மருத்துவம் என்ற ஒரே சொல்லுக்கு
எத்தனையோ கட்டங்கள்.
கீழே உள்ளவற்றை நிரப்பிவிட்டேன்.
மேலே இரண்டுதான் காலி.
"பேராதனையா யாழ்ப்பாணமா, சொல்லுங்க தங்கச்சி,
பின்னால நாலு பேர் நிக்கிறாங்க."

பேராதனை என்றால்
நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா.
வெள்ளி பின்னேரம் அங்கே ஏறினால்
ராத்திரிச் சோற்றுக்கு லயத்துக்கு வந்துவிடலாம்.
அதுதான் நல்லது.
பயமும் அதுதான்.

யாழ்ப்பாணம் என்றால்
முழு இரவும் பஸ்ஸில்.
கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்,
திருகோணமலையில், பாடசாலைச் சுற்றுலாவில்,
வாந்தி எடுத்துக்கொண்டே.

ஹம்சவதனி சொன்னாள்:
"யாழ்ப்பாணம் போனா நம்ம பேச்ச வச்சே
எந்தப் பக்கத்து ஆளுன்னு கண்டுபிடிச்சிருவாங்கடி."
பேராதனையில்?
"அங்க பேச்செதுக்கு? பேரே போதும்."
இருவரும் சிரித்தோம்,
தவளையை அறுத்த கை கழுவாமலே.

எட்டு வயதில் நான் மொழிபெயர்ப்பாளர்.
நாவலப்பிட்டி ஆஸ்பத்திரி, நீண்ட வாங்கு.
"அடிவயிறுன்னு சொல்லு பாப்பா,"
அம்மா என் காதில் சொன்னாள்,
பக்கத்தில் இருந்த ஆண்களுக்குக் கேட்காமல்.
நான் டாக்டரிடம் சொன்னேன்: "படே ரிதெனவா."
வயிறு வலிக்குது.
வெள்ளைப் பாணி ஒரு போத்தல் கொடுத்தார்கள்.
முடிய முடிய இரண்டு வருஷம் குடித்தாள்.
பிறகு கண்டியில் வெட்டி எடுத்தார்கள்,
வலித்த அந்த இடத்தையே.

பேராதனைக்குத்தான் போவேன் என்று
அன்றிலிருந்து சொல்லிவந்தேன்.
அந்த ஒரு சொல்லைச் சிங்களத்தில் படிக்க.
போன வருஷம் டிக்கோயாவில்
கிளினிக் சுவரில் ஒரு படம், கீழே சிங்கள எழுத்து:
கர்பாஷய.
கூட்டி வாசித்தேன். திரும்ப வாசித்தேன்.
கர்ப்பம் எங்கள் வீட்டிலும் இருந்த சொல்தான்.
அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது
சிங்களம் அல்ல.
எங்கள் லயத்தில் யாரும்
வாய்விட்டுச் சொல்லாத ஒன்று.

அதோடு என் காரணம் கழன்றது.
மிச்சம் இருப்பது தூரம் மட்டும்.

உண்மையைச் சொல்கிறேன்:
பேராதனையில் நான் இருந்தால்
லோகன்டேல் தோட்டம் மூன்றாம் பிரிவில்
எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் போன் எனக்கு.
அட்டை கடித்துச் சீழ் வைத்தாலும்,
பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தாலும்,
சேமலாப நிதிக் கடிதம் சிங்களத்தில் வந்தாலும்
"அந்தப் புள்ளைய வரச் சொல்லு."
டாக்டராகும் முன்னமே டாக்டர்.
அந்த வேலையைத்தான் எட்டு வயதிலிருந்து பார்க்கிறேன்.
அஞ்சு வருஷம் எனக்கு
கூப்பிட்டால் வரமுடியாத இடம் வேண்டும்.
தப்பாய் வாசித்தால் புள்ளி மட்டும் குறைகிற,
யாருக்கும் எதுவும் வெட்டப்படாத இடம்.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரம்
அம்மாவிடமிருந்து போன்.
மலையில் அந்தக் கல்லில் ஏறினால்தான் சிக்னல்.
"எங்கிட்டு குளிரு கொறவு?"
"யாழ்ப்பாணம்."
"அப்ப அதையே போடு. சுவெட்டர் காசு மிச்சம்."
காற்று இரைந்தது. அவள் இன்னும் கல்லில்தான் நின்றாள்.
"நெசமாத்தான் சொல்றேன்," என்றாள்.
நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

ஒன்று, யாழ்ப்பாணம்.
இரண்டு, பேராதனை.
"நல்லா யோசிச்சீங்களா? அழுத்துனா அழுத்துனதுதான்."
அழுத்தினேன்.
அச்சுத்தாள் சூடாக வந்தது,
மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே கண்டி பஸ், புறப்படுகிற உறுமலில்.
"நுவர, நுவர, நுவர!"
கண்டக்டர் என்னைப் பார்த்து
ஏறச் சொல்லிக் கதவைத் தட்டினான்.
இல்லை என்று தலையாட்டினேன்.
பிறகும் அந்தப் பஸ்
கடிகார முனையில் திரும்பி மறையும்வரை
அதன் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்,
என் மஸ்கெலியா பஸ்ஸை விட்டுவிட்டு.