ஆசிரியர் குறிப்பு

மு. தவநேசனுக்கு ஒரு முகம் வேண்டுமாம்.
கொழும்பிலிருந்து பதிப்பாளர் கேட்கிறார்:
"கதையள் நல்லாயிருக்கு. ஆனா ஆள் எங்க?
தேடினா ஒண்டும் வருகுதில்லை.
ஒரு முகநூல் பக்கமாவது திறவுங்கோ.
ஒரு படம், நாலு வரி.
ஆளில்லாப் புத்தகத்தை ஆர் வாங்குவினம்?"

நான் மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தில்
காலை ஐந்தரைக்குக் கதவு திறப்பவள்.
பால்மானியை மிதக்கவிட்டு
தண்ணீர் கலந்தவரையும் கலக்காதவரையும்
முகம் பாராமல் எழுதுபவள்.
அந்தப் பதிவேட்டின் அடியில் என் கையொப்பம் யோகவதனி.
இரவு பத்துக்குப் பிறகு தவநேசன்.

இரண்டு பெயர் வைத்திருப்பது
இங்கே ஒருகாலம் சின்ன விசயமில்லை.
முகாமில் தந்த படிவத்தில்
"வேறு பெயர்கள்" என்றொரு கட்டம் இருந்தது.
இல்லை என்று எழுதும்போது
பேனை வியர்வையில் வழுக்கியது.
அப்போது எனக்கு உண்மையாகவே ஒரு பெயர்தான்.
ஆனாலும் வழுக்கியது.

ஞாயிறு பின்னேரம், போன கரண்ட் வந்த கையோடு,
தவநேசனுக்கு ஒரு பக்கம் திறந்தேன்.
பிறந்த திகதி கேட்டது.
முதல் கதை எழுதிய நாளைக் கொடுத்தேன்.
வயது காணாது என்று திருப்பிவிட்டது.
வேறொன்று கொடுத்தேன்.
உடனே, நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்கள் என்று
காட்டத் தொடங்கியது:
நிலைய முகாமையாளர்,
என் மச்சாள் சுபோதினி,
துணுக்காய்ச் சந்தியில் டயர் ஒட்டும் குகன்,
மூன்றாவது கதையில் நான் கொன்றுவிட்ட விதானையார்
உயிரோடு, மாலை போட்டுக்கொண்டு.
அவர்களுக்கும் தவநேசனைக் காட்டியிருக்கும்தானே.
அன்றிரவு நித்திரை இல்லை.

முகம் கேட்ட இடத்தில்
வவுனிக்குளத்துத் துருசைப் போட்டேன்.
துருசில் ஆர் சந்தேகப்படுவினம்.

பதினோராம் நாள் ஒரு செய்தி, முள்ளியவளையிலிருந்து.
"அண்ணா, நீங்களோ?
மல்லாவியில படிச்சனீங்களோ?
இடது புருவத்தில தழும்பு இருக்கோ?"

பத்தாம் வகுப்பில் என் மேசையில்
கவராய முனையால் ஆரோ ஆழமாகக் கீறியிருந்த பெயர் அது.
மு. தவநேசன்.
கீழே ஒரு சைக்கிள், செயின் இல்லாமல்.
ஒரு வருடம் அதன்மேல் முழங்கை ஊன்றியிருந்தேன்.
விட்டுவிட்டுப் போன பெயர் என்று நினைத்தேன்,
மழைக்கு நிற்கும் ஆளில்லா வீடு போல.

பூட்டிவிடலாம். பதில் சொல்லாமலே.
துருசும் பெயரும் ஒன்றாய் மறைந்துவிடும்.
அவள் என்ன நினைப்பாள்?
பிறகும் ஒருக்கால் ஒளிச்சிட்டார் என்றோ?

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்:
"நான் அவரில்லைத் தங்கச்சி.
நான் ஒரு பொம்பிளை, பால் நிலையத்தில வேலை.
என்ர பேர் யோகவதனி.
அந்தப் பேரைப் பள்ளிக்கூட மேசையில இருந்து எடுத்தனான்.
மேசையும் இப்ப இல்லை."

பதிப்பாளருக்கே சொல்லாத பெயர்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது.
பச்சைப் புள்ளி அணைந்தது, எரிந்தது, அணைந்தது.
விடிய முதல் கான் வந்து இறங்கும்போது
கைபேசி துடித்தது:
"சைக்கிள் கீறியிருந்ததோ?"

பால்மானியைக் கையில் பிடித்தபடி எழுதினேன்:
"ஓம். செயின் இல்லை."

"அவருக்குச் செயின் கீற வராது."

பிறகு கனநேரம் ஒன்றுமில்லை.
ஒன்பது மணி போல:
"புத்தகம் வந்தா ஒண்டு அனுப்புங்கோ அக்கா.
பேரை மாத்தாதேங்கோ."

மத்தியானம் பக்கத்தைப் பூட்டினேன்.
பின்னேரமே பதிப்பாளர் எடுத்தார்:
"என்ன, ஆளைக் காணேல்லை?"
"ஓம், காணேல்லை" என்றேன்.
முதன்முறையாகப் பெண்குரல் கேட்டுத் திகைத்தவர்
அதை விட்டுவிட்டு,
பின்னட்டைக்கு ஏதாவது வேணுமே என்றார்.

சொல்லச் சொல்ல எழுதினார்.
மு. தவநேசன். மல்லாவியில் படித்தவர்.
மேசைகளில் சைக்கிள் கீறியவர்.
படம் இல்லை.

"அவ்வளவுதானோ?"

அவ்வளவுதான்.
ஒரு பிரதி மட்டும் கூட வேணும், காசு தாறன் என்றேன்.