உள்மூடி குக்கர்

நான்கு பைக் சாவிகளையும்
குக்கருக்குள் போட்டு மூடியவன் நவ்ஃபல்.
உத்தண்டிக்குத் தெற்கே
இரண்டு நாளைக்கு எடுத்த வீடு.
கடைசி வைவா முடிந்து பதினாறு மணி நேரம்.
சமையலறையில் மொத்தமே ஒரு தோசைக்கல்,
காது உடைந்த கடாய்,
மூடி உள்ளே போய் உட்காரும்
அந்தப் பழைய மாதிரி குக்கர்.

அதைத் திறக்கத் தெரியுமா உங்களுக்கு?
கைப்பிடியை விடுவித்து
மூடியைக் கீழே அமுக்கி
கால் வட்டம் திருப்பி
ஒல்லிப் பக்கமாகச் சாய்த்து உருவ வேண்டும்.
அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே செய்வாள்.
"நிதானமா இருக்கறவன் எடுத்துக்கலாம்"
என்றான். பன்னீர் சோடாவைத் திறந்தான்.
அவன் ஏன் குடிப்பதில்லை என்று கேட்பதை
மூன்றாம் செமஸ்டரிலேயே விட்டிருந்தோம்.

லோகுவுக்கு இருபத்தொன்று ஆக
இன்னும் பதினோரு நாள்.
கடையில் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் கேட்டோம்.
முறைத்தபடி அவனும் சோடா பக்கம் போனான்.
வெறும் வயிற்றில் யாரும் தொடக்கூடாது என்று
யாழரசி கோவளத்து வஞ்சிரத்தை
எல்லோர் தட்டிலும் போட்டாள், பாதி கருகியதை.
மூடியால் அளந்து ஊற்றினான் ஜெபசிங்.
சித்தப்பாவைப் பற்றி ஒரு வரி சொன்னான்,
அடுத்த வரி சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பாட்டு.
பதினொன்றுக்கு யாரோ அழுதார்கள்.
பன்னிரண்டுக்கு நான் மிகத் தெளிவாக இருந்தேன்.
நான்கு வருடத்தில் ஒரு பரீட்சையிலும்
அவ்வளவு தெளிவு எனக்கு வந்ததில்லை.

சிறுசேரியில் மூன்று பேருக்கு வேலை.
ஜெபசிங்குக்கு ஓசூர்.
யாழரசி மேலே படிக்கிறாள்.
ஆறில் ஐந்து போனால்?
முட்டுக்காடு பாலம்வரை போக வேண்டும் என்று பட்டது.
சாலை காலியாக இருக்கும்.
நூறைத் தொட்டு ஒருமுறை பார்க்க வேண்டும்.
வேறொன்றுமில்லை.

குக்கரை மடியில் வைத்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்தேன்.
அமுக்கினேன். திருப்பினேன்.
மூடி உள்ளுக்குள்ளேயே சுற்றியது,
சாவிகள் கிலுகிலுத்தன.
அழும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல
எனக்கு நானே ஆட்டிக்கொண்டிருந்தேன்
கால் மணி நேரம்,
ஒரு நீள்வட்டத்தைச் சாய்க்கத் தெரியாத
மெக்கானிக்கல் பட்டதாரி.

நவ்ஃபல் வாசலில் நின்றான். பிடுங்கவில்லை.
"கோழை" என்றேன்.
"உனக்கென்னடா, வேலை கிடைச்சாச்சு" என்றேன்.
அதற்கும் நின்றான்.
பிறகு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் உருட்டிவிட்டு,
"கிரி வாந்தி எடுக்கிறான், வந்து பிடி" என்றான்.

கிரிதரனை ஒருக்களித்துப் படுக்க வைத்து
முதுகுக்கு அவன் பையையே முட்டுக் கொடுத்தோம்.
யாழரசி கடிகாரத்தைப் பார்த்து
அவன் மூச்சை எண்ணினாள்.
"பதினாலு."
கொஞ்சம் கழித்து, "பதினாலு."
"கூப்பிட்டா முழிக்கலேன்னா ஆம்புலன்ஸ்தான்,
வீட்டுக்குத் தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள்.
அரைமணிக்கொரு தரம் கூப்பிட்டோம்.
திட்டிக்கொண்டே முழித்தான்.
ஜன்னலுக்கு வெளியே கடல்
எதையும் எண்ணாமல் வந்துபோனது.
அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை.
அன்றைக்கு எனக்குக் கிடைத்த வேலை.

காலை ஒன்பதரைக்குக் குக்கரை எடுத்தேன்.
"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றான் நவ்ஃபல்.
பதினொன்றரைக்கு எடுத்தேன்.
அமுக்கி, திருப்பி, சாய்த்து...
முதல் தடவையிலேயே வந்துவிட்டது.
லோகு கைதட்டினான்.
என் சாவியில் யார் வீட்டுச் சாம்பாரோ மணத்தது.
கழுவிவிட்டு அதிலேயே பொங்கல் வைத்தான் லோகு,
உப்பை இரண்டு முறை போட்டு.

வீட்டுக்குப் போகும் வழி வடக்கே.
நான் தெற்கே திருப்பினேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை,
மற்ற மூன்று வண்டிகளும் பின்னால் வந்தன.
பாலத்தின்மேல் நாற்பதில் போனேன்.
கீழே காயல், வெயில், மிதிபடகில் ஒரு குடும்பம்.
பின்னாலிருந்து கிரி
தன் ஹெல்மெட்டால் என் ஹெல்மெட்டை முட்டி,
"மெதுவாப் போடா, குலுங்குது" என்றான்.