ஐந்து வருஷ வித்தியாசம்

ஆரப்பாளையத்தில் ஏறி
வாடிப்பட்டி தாண்டி இறங்கி
பங்குச் சாமியாருக்கு மூன்று முறை போன் போட்டதில்
கிடைத்தது பீரோ சாவியும்
மதியச் சாப்பாடு வரைக்கும் நேரமும்.

தாலுகா ஆபீசில் கேட்டது ஒரே ஒரு தேதி,
பூட்டனார் பிறந்த தேதி.
நிலம் பதினொரு சென்ட்.
வாரிசு பதினேழு பேர்.
அதில் நாலு பேருக்குள் பேச்சு கிடையாது.

ஞானஸ்நானப் பேரேடு, இரண்டாவது.
அட்டை கருவாடாக விறைத்துக் கிடந்தது.
ராமபாணப் பூச்சி
சர்வேசுரன் பெயரென்றும் பாராமல்
ஓரமெல்லாம் தின்றிருந்தது.
எழுதியவர் பிரெஞ்சுக்காரச் சாமி.
ழகரம் வராத பேனா.
கிழவனேரி ஒரு பக்கத்தில் கிலவனேரி,
மறுபக்கத்தில் கெளவநேரி.
நான் பிறந்த ஊரைத்
தாள்தாளாகத் தேட வேண்டியிருந்தது.

விரல் வைத்து இறங்கினேன்.
இன்னாசி. ராயப்பன். மிக்கேல்.
பெயர் இடுமுன் செத்தது.
தகப்பன் கூலி. தகப்பன் கூலி. தகப்பன் தெரியாது.
தாய் என்ற இடத்தில் பலருக்கும்
'மேற்படியான் மனைவி'.

கிடைத்துவிட்டார்.
சந்தியாகு, பவ வருஷம் ஆடி பத்து.
சந்தியாகப்பர் திருநாளை ஒட்டிப் பிறந்த பிள்ளை,
பெயர் பொருந்தி வருகிறது.
கல்லறைக் கல்லிலும் இதே வருஷம்தான்.
போட்டோ எடுத்துக்கொண்டு மூடப் போனேன்.

'அடக்க ஏடும் இருக்கு, பாக்குறீங்களா?'
என்றாள் ஆபீஸ் பார்க்கும் லூர்து டெய்சி,
டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

தாது வருஷம் கார்த்திகை.
ஒரே பக்கத்தில் நாற்பத்தொரு பேர்.
பாதிக்கு மேல் எழுத்து சாய்ந்துவிட்டது.
சாமிக்கும் காய்ச்சலோ என்னவோ.
இருபத்தாறாவது வரி:
சந்தியாகு. வயது இரண்டு. வாந்திபேதி.

அதே தகப்பன். அதே ஊர், அதே பிழையோடு.

இரண்டு வயதில் செத்தவருக்கு
எப்படி ஐயா
நான் கொள்ளுப்பேரன்?

பேரேட்டை மறுபடி பிரித்தேன்.
வெகுதானிய வருஷம் மாசி.
சந்தியாகு.
மாசிப் பிள்ளைக்கு ஏன் ஆடித் திருநாள் பெயர்?
தகப்பன் அவரேதான்.
தாய்க்கு இந்த முறை பெயர் இருந்தது, சூசையடியாள்.
பக்கத்தில் கோணலாக ஒரு சிலுவைக் கீறல்,
அவள் கை.

இரண்டே வருஷம் உடுத்திய பெயர்,
எங்கும் கிழியவில்லை.
மடித்து வைத்திருந்தவள்
அடுத்ததற்குப் போட்டுவிட்டாள்.
கூப்பிட்டபோது
திரும்பிப் பார்த்தது இவன்.
பெயரோடு ஒட்டிக்கொண்டு
அண்ணனின் வயதும் வந்துவிட்டது.
எழுபத்தாறில் போனார் என்கிறது கல்.
எழுபத்தொன்று.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான்.
ஆடி எழுதினால் கல்லறையோடு ஒக்கும்,
பதினேழு பேரும் ஒப்புக்கொள்வார்கள்.
மாசி எழுதினால்
நாலு பேருக்கு இன்னொரு கேஸ்.

டெய்சி கை கழுவிவிட்டு வந்து
சீல் மையைத் திறந்தாள்.
'சர்டிபிகேட் ஒண்ணுக்கு அம்பது ரூபா.
யாருக்குப் போடணும்?'

நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
சில்லறை தேடியவளிடம்
வேண்டாம் என்றேன்.