ஆறில்லாத ஊர்

சிவப்புக் கேடயத்தில் ஒரு காட்டுப்பன்றி,
அதன் முதுகைக் குறுக்கே வெட்டி ஓடும் நீல ஆறு.
ஹெல்மர்ஸ்ரோடாவில் ஆறு கிடையாது.
கிணறுகள் ஏழு; அதில் ஒன்று உப்பு.

உறைபனி நாளொன்றில், வரியைத் தள்ளக் கேட்டு
ஆயருக்கு எழுதிய மடலுக்காக
அரக்கு உருக்கினான் நகர எழுத்தன் கெப்ஹார்ட்.
விரல்கள் விறைத்திருந்தன.
வெண்கல முத்திரை கல்படியில் விழுந்தது.

புதிதுக்கு நான்கு கில்டர் என்றான் கன்னான்.
பன்றிக்குத்தான் நாலு காலும் இருக்கிறதே
என்றது மன்றம்.

பிறகு தொண்ணூறு ஆண்டு
கடன் பத்திரத்தில், உயிலில்,
ரொட்டிக்காரி ஓட்டிலியின் அடுப்புரிமையில்
விரிசலும் சேர்ந்தே பதிந்தது,
கூப்பிடாமல் வந்த சாட்சி மாதிரி.

மன்றச் சன்னலுக்குச் சின்னம் தீட்டிய
வெளியூர்க் கண்ணாடி ஓவியன்
ஊரைக் கண்டதில்லை; கடிதத்தின் அரக்கைத்தான் கண்டான்.
கோட்டுக்கு நீலம் பூசி அனுப்பினான்.
கூலி கொடுத்தாயிற்று.
இனி யார் வாய் திறப்பது?

இன்று நீச்சல் கழகத்தின் சட்டையிலும் அந்த ஆறு.
அவர்கள் பேருந்தேறிப் போய்
பக்கத்து ஊரில் நீந்துகிறார்கள்.

வெள்ளிதோறும் சன்னல் துடைக்கும் ரெக்லிண்ட
பனி உருகும் மாதங்களில்
சட்டகத்தடியில் வாளி வைக்கிறாள்,
சரியாக நீலத்துக்குக் கீழே.
நிரம்பியதும் தூக்கிப் போய்
உப்புக் கிணற்றில் ஊற்றுகிறாள்.
பக்கத்திலேயே சாக்கடை இருக்கிறது.