மூன்று கிராம்

லாபிஸுக்கு ஒரே பெட்டியில் வந்தவை இரண்டும்.
அதே பெயர், அதே ஐந்தடுக்கு, அதே விலை.
ரப்பர் ஒட்டுமுன் விரல்முட்டியால் தட்டினேன்.
ஒன்று: டொக்.
மற்றது
எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டது.

நகைக்கடைத் தராசில் வைத்தார் குணாளன்.
எண்பத்தாறு. எண்பத்தொன்பது.
"மூணு கிராமா? ஒரு மோதிரம்லா அது!"

பலகை அறுத்தவனுக்கு நினைவிருக்குமா
எது வெயில் பக்கம் வளர்ந்ததென்று?
பசை எங்கே ஒரு சொட்டு கூடியதென்று?

செம்பனை ஆலை மண்டபம். எண்ணெய் வாடை.
டொக்கை நான் எடுத்துக்கொண்டேன்.
மேகவர்ணன் பதினொன்று, நான் ஏழு.
மட்டையை மாற்றிக்கொண்டோம்.
பதினொன்று, ஏழு.

"ரெண்டும் ஒண்ணுதான்லா"
துண்டை உதறுகிறான்.

இல்லை.
கடைசிப் பேருந்தில், மழை ஈரம் ஊறிய கைப்பிடியோடு,
திரும்பத் திரும்பத் தட்டுகிறேன்.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.